ஆண்டுக் கட்டணம் தள்ளுபடியாக இன்னும் 38,000 செலவு செய்ய வேண்டும், போன் வாங்கலாமா?

திருப்பூர்_பனியன்

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் டிசம்பர் கடைசியில் முதல் கிரெடிட் கார்டு வாங்கினேன். சம்பளம் 45,000. நூறு ரூபாய்க்கு 2 பாயின்ட், ஒரு பாயின்ட் 25 பைசா. வருடத்தில் 2 லட்சம் செலவு செய்தால் ஆண்டுக் கட்டணம் 999 (ஜிஎஸ்டி தனி) தள்ளுபடி. இதுவரை 1,62,000 ஆகியிருக்கிறது, கார்டு ஆண்டு முடிய ஐந்து வாரம்தான் பாக்கி. இன்னும் 38,000 செலவு செய்துவிட்டால் கட்டணமும் மிச்சம், 760 பாயின்ட்டும் வரும். அதனால் புது போன் ஒன்றை நோ காஸ்ட் இஎம்ஐ-யில் போட்டுவிடலாமா என்று யோசனை. இப்போது இருக்கும் போன் ஓடுகிறது, பேட்டரி மட்டும் கொஞ்சம் மக்கர்.

சேர்ந்திருக்கும் பாயின்ட், ஆரம்பத்தில் கொடுத்த 2,000-த்தையும் சேர்த்து 5,240. வங்கி கேட்டலாக்கில் 5,000 பாயின்ட்டுக்கு ஒரு எலெக்ட்ரிக் கெட்டில் இருக்கிறது, அதை எடுக்கலாமா?

இன்னொன்று. தீபாவளி நேரம் என்பதால் இந்த மாத பில் 50,000-ஐத் தாண்டிவிட்டது. அதில் 'ஃபைனான்ஸ் சார்ஜ்' 1,912, அதற்கு ஜிஎஸ்டி 344 என்று இரண்டு தொகை புதிதாக வந்திருக்கிறது. இது என்ன கட்டணம்? போன மாதம்தான் ஆட்டோ பே (கணக்கிலிருந்து தானாகவே பில் கட்டுவது) போட்டேன், ட்யூ டேட் (கட்ட வேண்டிய கடைசி நாள்) அன்றே பணம் போய்விட்டது, நன்றி என்று மெசேஜும் வந்தது.

கணக்குப்பிள்ளை

தம்பி, போன், கெட்டில் எல்லாம் அப்புறம். உங்கள் கேள்வியிலேயே முக்கியமானது கடைசிப் பத்திதான்.

ஃபைனான்ஸ் சார்ஜ் என்றால் வட்டி, முழு பில்லையும் கட்டியிருந்தால் அது வரவே வராது. (ஏடிஎம்மில் கார்டு போட்டுப் பணம் எடுத்தால் வரும், நீங்கள் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.) ஆட்டோ பே பதிவு செய்யும்போது இரண்டு தேர்வு இருக்கும், 'டோட்டல் அமவுன்ட் ட்யூ' (முழு பில்), 'மினிமம் அமவுன்ட் ட்யூ' (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய சிறு பகுதி). நீங்கள் எதைத் தொட்டீர்கள்? வங்கிக் கணக்கைத் திறந்து, ட்யூ டேட் அன்று எவ்வளவு போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

வெண்பொங்கல்_வடை

போனைப் பற்றி நான் சொல்கிறேன். 999-க்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 1,179 ரூபாய், 760 பாயின்ட்டின் மதிப்பு 190 ரூபாய், ஆக 1,369 ரூபாய் கிடைக்கும் என்று 38,000 ரூபாயை எடுத்து வைக்கிறீர்கள். பேட்டரி மாற்ற அந்த 38,000-இல் சிறு பங்குகூட ஆகாதே ப்ரோ!

தவிர, இஎம்ஐ-யாக மாறும் தொகைக்கு நிறைய கார்டுகளில் பாயின்ட்டே கிடையாது, சிலவற்றில் அது ஆண்டுச் செலவுக் கணக்கிலும் சேராது. நோ காஸ்ட் என்று பெயர்தான், வட்டி அளவுக்கு முன்னாலேயே விலையில் தள்ளுபடி கொடுத்துவிட்டு மாதாமாதம் அந்த வட்டியை வாங்குவார்கள், வட்டிக்கான 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்கள் தலையில்தான் விழும்.

எப்படியும் செய்ய வேண்டிய செலவு இருக்கிறதா என்று பாருங்கள். பைக் இன்ஷூரன்ஸ், வீட்டு மளிகை, அப்பாவுக்கு மூன்று மாத மாத்திரை. அதெல்லாம் சேர்ந்து 38,000 வந்தால் சரி, வராவிட்டால் விட்டுவிடுங்கள். நகை வாங்கி நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பல கடைகளில் கார்டு என்றாலே 2% சேர்த்துக் கேட்பார்கள், உங்களுக்கு வருவது அரை சதவீதம். வாடகையும் அப்படித்தான், பாயின்ட்டை நிறுத்திவிட்டு 1% கட்டணமும் போடுகிற வங்கிகள் உண்டு.

இன்னொரு வழி, கஸ்டமர் கேருக்கு போன் போட்டு 'கட்டணம் போட்டால் கார்டை மூடிவிடப் போகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு இரண்டு முறை தள்ளுபடி செய்தார்கள், மூன்றாவது முறை 'சரி சார், மூடிவிடலாம்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள் :) உண்மையிலேயே மூடச் சொன்னால், பாக்கி எதுவும் இல்லாத பட்சத்தில் 7 வேலை நாளில் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதி இருக்கிறது.

திருப்பூர்_பனியன்

கணக்குப்பிள்ளை அண்ணா, பார்த்தேன். கை நடுங்குகிறது. போன பில் 31,400. போனது 1,570. மினிமம் என்றுதான் பதிவாகியிருக்கிறது, நான் அதைத் தேர்ந்தெடுத்த ஞாபகமே இல்லை. தீபாவளி போனஸ் வந்த நேரம், அதனால் கணக்கில் பணம் கூடுதலாகத் தெரிந்தபோது போனஸ்தான் நிற்கிறது என்று நினைத்துவிட்டேன். பில் 50,000 ஆனதும் தீபாவளியால் இல்லை, போன மாதப் பாக்கியும் அதிலேயே உட்கார்ந்திருக்கிறது. இப்போது கணக்கில் 34,000 இருக்கிறது. ட்யூ டேட் டிசம்பர் 5, அதுவரை பொறுக்கலாமா?

கணக்குப்பிள்ளை

பொறுக்க வேண்டாம், வட்டி தினமும் ஓடுகிறது. கைச்செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை இன்றே கட்டுங்கள்.

1,912 எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். மாதம் மூன்றரை சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 என்று வைத்துக்கொள்வோம். முழு பில்லைக் கட்டாவிட்டால் 45, 50 நாள் வட்டியில்லாத காலம் என்ற சலுகை போய்விடும். பாக்கிக்கான வட்டியை ட்யூ டேட்டிலிருந்து போட மாட்டார்கள், ஒவ்வொரு பொருளையும் வாங்கிய தேதிக்கே திரும்பிப் போய் அன்றிலிருந்து போடுவார்கள். அதோடு, இந்த மாதம் நீங்கள் புதிதாக வாங்கியவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி, அதனால்தான் தொகை இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. 31,400-க்கு நீங்கள் சம்பாதித்த பாயின்ட் 628, ரூபாயில் 157. வட்டியாகக் கட்டப் போவது ஜிஎஸ்டியோடு 2,256.

பாக்கி பூஜ்யம் ஆகும் வரை கார்டைத் தொடாதீர்கள், டீக்கடை க்யூஆரில் ரூபே கார்டை வைத்து 20 ரூபாய் போடுவதுகூட வேண்டாம். டிசம்பரில் முழுதும் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்டில் கொஞ்சம் வட்டி வரும், பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடியது அது. மறுபடி ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், அதையும் கட்டினால் கணக்கு சுத்தம். முதல் தவறு என்பதால் வட்டியில் ஏதாவது குறைப்பார்களா என்று எழுதிக் கேளுங்கள், சில சமயம் குறைக்கிறார்கள்.

ஊர்க்குருவி77

ஆண்டுக்கு 42 சதவீதமா? 30-க்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பு இருந்ததே, கந்துவட்டிக்காரன் தோற்றான்.

கணக்குப்பிள்ளை

இருந்தது, தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதை நம்பி இருக்காதீர்கள்.

பழைய_கடனாளி

மினிமம் ட்யூ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 2019-இல் என்னிடம் மூன்று கார்டு இருந்தது. எனக்கும் பாயின்ட் ஆசைதான், ஆபீஸில் யார் எது வாங்கினாலும் 'என் கார்டில் போடுங்க, எனக்கு ஜிபே பண்ணுங்க' என்பேன். பணம் உடனே கைக்கு வந்துவிடும், பில் வர ஒரு மாதம் ஆகும், அந்த ஒரு மாதத்தில் அந்தப் பணம் என் பணமாகவே மாறிவிடும். இங்கேதான் விழுந்தேன். அப்புறம் மினிமம் கட்டினேன், ஒரு கார்டில் பணம் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டினேன். பணம் எடுத்தால் இரண்டரை சதவீதக் கட்டணம், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. கடைசியில் 2021-இல் ஒரு வங்கியோடு பேசிக் குறைத்துக் கட்டி செட்டில்மென்ட் செய்தேன், வாழ்க்கையில் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு. மூன்று வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போனால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு', அதாவது கடனை முழுதும் கட்டவில்லை என்று நிற்கிறது. மேனேஜர் அதை மட்டும் விரலால் காட்டினார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி, பாக்கியை அடைக்க முடியாமல் போனால் வீட்டில் இருக்கும் நகையை வங்கியில் வைத்தாவது அடைத்துவிடுங்கள், அந்த வட்டி இதில் நாலில் ஒரு பங்குதான் வரும்.

வெண்பொங்கல்_வடை

அண்ணா, அவரிடம் 34,000 கையில் இருக்கிறது, மாதக் கடைசியில் சம்பளம் வரும். பதினாறாயிரத்துக்கு எதற்கு நகையை வைக்கச் சொல்கிறீர்கள், பயமுறுத்தாதீர்கள்.

பழைய_கடனாளி

சரிதான். சூடு கண்ட பூனை, அதனால் எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், நான் இப்போது ஒரே ஒரு கார்டு வைத்திருக்கிறேன், லிமிட்டை நானே எழுதிக் கொடுத்து 40,000-ஆகக் குறைத்துக்கொண்டேன். கார்டில் எதை வாங்கினாலும் அன்று ராத்திரியே அதே தொகையைச் சம்பளக் கணக்கிலிருந்து இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவேன், பில் அந்தக் கணக்கிலிருந்துதான் போகும். மனைவி சிரிக்கிறாள், பாயின்ட்டும் சேர்கிறது.

திருப்பூர்_பனியன்

30,000 கட்டிவிட்டேன். மீதி சம்பளம் வந்ததும் முதல் தேதியே. ஆட்டோ பே-யை ரத்து செய்து 'டோட்டல்' என்று புதிதாகப் பதிவு செய்திருக்கிறேன், அது நடப்புக்கு வர ஒரு பில் ஆகலாம் என்று போட்டிருந்ததால் டிசம்பருக்கு நானே கையால் கட்டிவிடுவேன். போன் வேண்டாம். பாயின்ட்டை அந்த பில்லிலேயே கழித்துக்கொள்ளலாமா?

கணக்குப்பிள்ளை

கழிக்கலாம், ஆனால் பல வங்கிகளில் அப்படிக் கழிப்பதை பில் கட்டியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாயின்ட்டைக் கழித்துவிட்டோம் என்று மினிமம் ட்யூவில் குறைத்துக் கட்டினால் லேட் ஃபீஸ் வந்து நிற்கும். முதலில் விதியைப் படியுங்கள், பாயின்ட் காலாவதித் தேதியையும் சேர்த்துப் பாருங்கள். கெட்டில் மட்டும் வேண்டாம், 5,000 பாயின்ட் என்றால் 1,250 ரூபாய், அதே கெட்டில் வெளியே என்ன விலை என்று தேடிப் பார்த்தீர்களா?

திருப்பூர்_பனியன்

849 :( வீட்டுக்கு எப்படியும் வாங்கும் கடையின் மளிகை வவுச்சர் 1,250-க்கு இருக்கிறது. ரிடெம்ஷன் ஃபீஸ் 99, ஜிஎஸ்டியோடு 117, அது போனாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். 2,256 ரூபாய் வட்டியைச் சொல்லவில்லை, வவுச்சரை மட்டும் சொன்னேன். கடலை எண்ணெய் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.