பண்ணைச் சூரியன்: புதுப்பிப்பு
யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரத்தில் எடுக்கும் படங்களில் மறையும் சூரியன் பொட்டளவுதான் வருகிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். தோணிக்குக் கிட்டப் போகாதே, தள்ளி நில் என்று ஒரு அண்ணை எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. சூரியன் வானத்தில் அரைப் பாகை (டிகிரி) அகலம்தான், நாம் எங்கே நின்றாலும் அது மாறாது, ஆனால் ஆள் தள்ளிப் போகப் போகச் சிறுப்பதால் சுமார் 190 மீற்றரில் நிற்பவர் சூரியனின் உயரத்துக்கே தெரிவார். நேற்றுப் பின்னேரம், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 300 மில்லிமீற்றர் லென்ஸோடு வீதியோரம் நின்றேன். அடிவானத்தைத் தொட்டதிலிருந்து முழுதாக மறைய இரண்டு நிமிடம் சொச்சம்தான், அதற்குள் பதினொரு படம், ஒன்றில் வலை இழுப்பவர் சூரியனுக்குள்ளேயே நிற்கிறார்! இன்னும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம், இந்த லென்ஸ் மாட்டிச் சூரியனை எடுத்தால், கமெராவின் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளையில்) கண் வைக்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து, திரையில் பாருங்கள்.