எச்-இன்டெக்ஸ் மூன்று என்றால் 22 மேற்கோள்களுக்கு மதிப்பில்லையா?

கேள்வி – ஆய்வு மாணவர்:
பேராசிரியர் சி.என்.ஆர். ராவுக்கு 2013இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டபோது, அவர் 1,500க்கு மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் எழுதியவர் என்பதும் அவருடைய எச்-இன்டெக்ஸ் (ஒருவரின் கட்டுரைகளையும் அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையையும் சேர்த்து அளக்கும் எண்) 100ஐ எட்டிவிட்டது என்பதும் செய்திகளில் சேர்ந்தே வந்தன. பொருளறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் என்னிடம் இருப்பவை ஐந்து கட்டுரைகள்; ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் அவற்றின் மேற்கோள்கள் முறையே 22, 9, 4, 3, 1. நெறியாளரோ என் எச்-இன்டெக்ஸ் மூன்றுதான் என்கிறார். அந்த 22க்குத் தனி மதிப்பே கிடையாதா?

பதில் – ஆக்சைடு:
நெறியாளரின் கணக்கு சரி. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த வரையறைப்படி, ஒருவரின் எச்-இன்டெக்ஸ் மூன்று என்றால், குறைந்தது மூன்று மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அவரிடம் மூன்றாவது இருக்கின்றன, ஆனால் நான்கு மேற்கோள் பெற்றவை நான்கு இல்லை என்று பொருள். உங்கள் கட்டுரைகளை இறங்குவரிசையில் அடுக்கினால் மூன்றாவதற்கு 4 மேற்கோள் இருக்கிறது. நான்காவதற்கு 4 வேண்டிய இடத்தில் 3தான் இருப்பதால் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் 22 நாளைக்கே 2,200 ஆனாலும் விடை மாறாது. இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் ஓரணுத் தடிமன் கொண்ட கார்பன் தாளான கிராஃபீன் பற்றி 2004இல் வெளியிட்ட கட்டுரை பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டும், இந்தக் கணக்கில் அதுவும் ஒரே ஒரு கட்டுரைதான். ராவைப் போல அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவிடாமல் எழுதியவருக்கு இந்த அளவுகோல் சாதகமானது என்பது உண்மையே; ஆனால் 100ஐ எட்ட வேண்டுமானால் வரிசையில் நூறாவதாக நிற்கும் கட்டுரையும் நூறு முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பதில் – உலோகவியலாளர்:
காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். லித்தியம் கோபால்ட் ஆக்சைடை மின்கலத்தின் நேர்மின்முனையாகப் பயன்படுத்தலாம் என்று ஜான் குட்இனஃபின் ஆக்ஸ்ஃபோர்டு குழு காட்டியது 1980இல். சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991இல். அவருக்கு நோபல் கிடைத்தது 2019இல், 97ஆம் வயதில். 1985இல் ஒரு தேர்வுக்குழு மேற்கோள்களை மட்டும் எண்ணியிருந்தால் அக்கட்டுரையை என்னவென்று மதிப்பிட்டிருக்கும்? என் துறையில் ஓர் உலோகக்கலவையின் க்ரீப் சோதனை (சூட்டிலும் சுமையிலும் உலோகம் மெல்ல மெல்ல நீள்வதை அளப்பது) 10,000 மணி நேரம், அதாவது ஓராண்டுக்கும் மேல், ஓடுவதுண்டு. உலை ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஓராண்டில் பக்கத்து ஆய்வகத்தின் சூரியமின்கலக் குழு நான்கு கட்டுரைகளை அனுப்பிவிடுகிறது.

ஆய்வு மாணவர்:
நன்றி ஐயா. அந்த 22 மேற்கோள் கட்டுரைக்கு ஸ்கோபஸ் என்ற மற்றொரு மேற்கோள் தரவுத்தளம் 15 என்றுதான் காட்டுகிறது. விண்ணப்பத்தில் எதைக் குறிப்பிடுவது?

பதில் – ஆக்சைடு:
ஆய்வேடுகளையும், இதழில் வெளிவருமுன் இணையத்தில் இடப்படும் முன்பதிப்புகளையும் கூகுள் ஸ்காலர் சேர்த்தே எண்ணுவதால் அதில் எண்ணிக்கை கூடுதலாக வருவது இயல்பு. எதை எழுதினாலும் தரவுத்தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு முன், அந்த 22இல் உங்கள் ஆய்வகத்தாரே எழுதியவை எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.