ரீஸ்டார்ட் பண்ணினால் வரும், காலையில் போட்டால் வராது

வெள்ளவத்தை

காலி வீதியில் ஒரு சின்ன கொம்யூனிகேஷன் நடத்துகிறேன். போட்டோகொப்பி, ஸ்கேன், தமிழ் டைப்பிங், ஒன்லைனில் விண்ணப்பம் நிரப்புவது. இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது நின்றால் கடையும் நின்ற மாதிரித்தான்.

மூன்று மாதமாக ஒரே கதை. காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டரைப் போட்டவுடன் வலது மூலையில் 'யூஎஸ்பி டிவைஸ் நொட் ரெக்கக்னைஸ்ட்' (செருகிய சாதனத்தை அடையாளம் தெரியவில்லை) என்று எழும்பும். கீபோர்டுக்கு உயிர் இருக்காது, ஸ்கேனரும் கிடையாது. கழற்றிச் செருகினால் சில நாள் வரும், சில நாள் வராது. மௌஸால் ரீஸ்டார்ட் கொடுத்தால் கீபோர்ட் வந்துவிடும், பிறகு கடை பூட்டும்வரை அதில் ஒரு குறையும் இருக்காது. மறுநாள் காலையில் திரும்பவும் அதே அறிவிப்பு.

ஒரு நாள் ஒரு அன்ரி மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு வந்தார். "தம்பி, பத்து மணிக்கு முதல் அனுப்பச் சொல்லிச்சினம், கெதியாச் செய்து தாங்கோ." நான் மேசைக்குக் கீழே குனிந்து வயரைக் கழற்றுவதும் செருகுவதுமாக இருந்தேன். அவர் பத்திரம் மடிந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் வேறு கடைக்குத்தான் அனுப்பவேண்டியிருந்தது. அது எனக்குப் பெரிய மனக்கஷ்டம்.

அதற்கு முன்பே காசும் போயிருந்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் புதுக் கீபோர்ட் ஒன்றும் ஸ்கேனருக்கு வேறு வயரும் வாங்கினேன். பிரயோசனமில்லை. திருத்துகிற இடமொன்றில் பெட்டியைத் திறந்தும் பார்க்காமல் "மதர்போட் மாத்தவேணும்" என்றார்கள்.

பிடி கிடைத்தது கீபோர்டில் இருக்கும் நம்லொக் விளக்கில். ஒரு காலை பவர் பட்டனை அமத்திவிட்டு, திரையைப் பார்க்காமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று விளக்கும் ஒருதரம் மின்னின. நம்லொக் மட்டும் பச்சையாக நின்றது. விண்டோஸ் சின்னம் வந்து புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் அதுவும் அணைந்துபோனது. மறுநாள் போட்டவுடன் டிலீட் கீயைத் தட்டிக்கொண்டிருந்தேன். பயோஸ் (விண்டோஸ் வருவதற்கு முதல் ஓடும் அடிப்படை செட்டிங் திரை) திறந்தது, அம்புக்குறிக் கீகள் ஒழுங்காக வேலை செய்தன. அப்படியென்றால் கீபோர்ட் நல்லது, வயர் நல்லது, மதர்போட்டில் அந்தத் துளையும் நல்லது. விண்டோஸ் பொறுப்பெடுக்கும் இடத்தில்தான் சிக்கல்.

ஒரு யூஎஸ்பி சாதனத்தைக் கண்டதும் கம்ப்யூட்டர் அதை ரீசெட் பண்ணி, நீ யார் என்று கேட்கும். சாதனம் தன்னைப் பற்றி 18 பைட்டில் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதில் கிடைக்காவிட்டால்தான் டிவைஸ் மேனேஜரில் 'அன்னோன் யூஎஸ்பி டிவைஸ்', கோட் 43 என்று மஞ்சள் முக்கோணம் விழுகிறது. என்னுடையதிலும் அதுவே இருந்தது.

ரீஸ்டார்ட்டுக்கும் காலையில் போடுவதற்கும் ஏன் வித்தியாசம் என்பது பிறகுதான் விளங்கியது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. தன் உட்பகுதியையும், சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருட்களின் நிலையையும் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. காலையில் அதையே திரும்ப எடுத்து வைக்கிறது. சாதனமோ இரவு முழுக்க மின்சாரம் இல்லாமல் கிடந்து புதிதாக எழும்புகிறது. சில மெஷினில் இந்த இரண்டும் ஒத்துப்போவதில்லை. ரீஸ்டார்ட்டில் மட்டும் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.

கன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்று தெரிவுசெய்யும் இடத்தில், மங்கலாகக் கிடக்கும் பகுதியைத் திறக்க மேலேயுள்ள நீல எழுத்தை அமத்தி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் டிக்கை எடுத்துவிட்டேன். மறுநாள் காலை கீபோர்ட் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அது தவறவில்லை. (செட்டிங்கைத் தொட விருப்பமில்லாதவர்கள் ஷிஃப்ட்டை அமத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள், அந்த ஒருமுறை முழுதாக மூடும்.)

ஆனால் ஸ்கேனர் வரவில்லை. அதற்குக் காரணம் வேறு. அது தனி பவர் வயர் இல்லாத தட்டை ஸ்கேனர், யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுப்பது. நான் அதை ஒரு மலிவு ஹப்பில் (ஒரு துளையைப் பல துளையாக்கும் சின்னப் பெட்டி) மாட்டியிருந்தேன். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி அம்பியர். சொந்தமாக மின்சாரம் இல்லாத ஹப், விதிப்படி தன் ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லி அம்பியர்தான் கொடுக்கலாம். ஸ்கேனரின் விளக்கும் மோட்டாரும் கிளம்ப அது எங்கே காணும்? ஹப்பைத் தூக்கி வைத்துவிட்டுப் பெட்டியின் பின்பக்கத்தில் நேரே செருகினேன், முடிந்தது.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, விளக்கு எந்த நேரத்தில் அணைந்தது என்று சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் யாரும் மதர்போட்டுக்குக் காசு கொடுக்கவேண்டாம்.

தெஹிவளை

அண்ணா, எனக்கு விளக்கு எரியவே இல்லை. பயோஸும் திறக்கவில்லை. சில நாள் கறுப்புத் திரையில் யூஎஸ்பி ஓவர் கரண்ட் (அளவுக்கு மீறிய மின்சாரம்), 15 விநாடியில் கம்ப்யூட்டர் அணையும் என்று எழுத்து வரும், சொன்ன மாதிரியே அணையும்.

எங்கள் வீடு கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில். ஜன்னல் கம்பி, கதவுப் பிணைச்சல் எல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். டோர்ச் அடித்து முன்பக்கத் துளையைப் பார்த்தேன். உள்ளே நாலு தகட்டில் ஒன்று வளைந்து பக்கத்துத் தகட்டோடு முட்டிக்கொண்டு, சுற்றிவரப் பச்சைக் களிம்பு. தம்பி பென்ட்ரைவை மாறிச் செருகி அமத்தியிருக்கவேணும்.

முன்பக்கத் துளைகள் மதர்போட்டில் நேரே இல்லை, உள்ளே ஒரு வயரால் வருகின்றன. சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திறந்து அந்த வயரை மட்டும் எடுத்துவிட்டேன். திரும்பப் போட்டவுடன் பின்பக்கத்தில் இருந்த கீபோர்டின் விளக்கு எரிந்தது. ஒரு துளையின் ஷோர்ட் முழுக் கம்ப்யூட்டரையும் நிறுத்தியிருக்கிறது. இப்போதைக்கு முன்பக்கம் இல்லாமலே பாவிக்கிறேன்.

கொட்டாஞ்சேனை

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் தொடங்கியது எனக்கு. மகள் உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்தவுடன் ஓடிப்போய்ப் போடுவோம், மௌஸும் கீபோர்டும் இருக்காது. வெறும் ரீஸ்டார்ட்டாலும் சரிவரவில்லை.

தெரிந்த ஒரு பிள்ளை சொல்லித் தந்த வழி: சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிஷம் அமத்திப் பிடித்து, உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டுப் பிறகு போடுவது. பிளக்கைக் கழற்றாமல் கம்ப்யூட்டரை மட்டும் அணைத்தால் போதாது. அணைத்திருக்கும்போதும் மதர்போட்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும், யூஎஸ்பி கட்டுப்படுத்தி அதே மயக்கத்தில் கிடக்கும். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் கைகொடுத்தது. யூபிஎஸ் வாங்கிய பிறகு தேவைப்படவில்லை.

வெள்ளவத்தையார், ஒரு கேள்வி. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்தால் போட நேரம் கூடாதா?

வெள்ளவத்தை

கூடும் அக்கா. எனக்குப் பத்துப் பதினைந்து விநாடி கூடியிருக்கிறது. அதற்குள் பூட்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு, சாமிப் படத்துக்கு விளக்கேற்றி முடித்துவிடுவேன். இன்னொன்றும் சொல்லவேணும். ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அந்த டிக் தானாகத் திரும்ப விழுந்திருந்தது, கீபோர்டும் அன்று காலை பேசாமல் கிடந்தது. இப்போது அப்டேட் ஆன ஒவ்வொரு முறையும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன்.

தெஹிவளைத் தம்பி, அந்த முன்பக்கத் துளை தனி உதிரிப்பாகமாகக் கிடைக்கும். உங்கள் பெட்டிக்குப் பொருந்துமா என்று பார்க்க, பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.