நாய் முடி உரத் தொட்டியில் மக்கவே மாட்டேன் என்கிறது, வேறு எதற்காவது ஆகுமா?

சீப்பும்கத்தரியும் (சுங்கை சிப்புட், பேராக்)

வணக்கம். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்கட்டில் நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் சீவிவிடும் சின்னத் தொழில் நடத்துகிறேன். வருவதில் பாதி பூடல், ஷிட்ஸு. மீதி, வெயில் ஊர் என்று தெரிந்தும் ஆசைக்கு வளர்க்கும் ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர். தோட்டத்துப் பக்கமிருந்து நாட்டு நாய்களும் வரும். அவற்றைப் பெரும்பாலும் உண்ணி எடுக்கத்தான் கூட்டி வருவார்கள்.

தலைவலி முடிதான். ஒரு ஹஸ்கிக்குச் சீப்பு போட்டால் அரிசிப் பை நிறைந்துவிடுகிறது. கட்டி வெளியே வைத்தால் லாரி வருவதற்குள் குரங்கு கிழித்துவிடும், அப்புறம் லோங்காங் (சாக்கடை) முழுக்க முடி. சரி, மண்ணுக்காவது போகட்டும் என்று சமையலறைக் கழிவு போடும் நீல டிரம்மில் சில மாதமாகக் கொட்டி வந்தேன். இப்போது கிளறினால் காய்கறித் தோலெல்லாம் கறுத்து மண்ணாகிவிட்டது, முடி மட்டும் அப்படியே. இழுத்தால் நனைந்த கம்பளி போல ஒரே பாளமாக வருகிறது. பாளத்தைப் பிய்த்துப் பார்த்தால் நடுவில் ஈரமே இல்லை. பூடலின் சுருள்கூட நிமிராமல், வெட்டிய அன்று இருந்த பளபளப்போடு கிடக்கிறது. வாடை வேறு.

ஏன் மக்கவில்லை? மண்ணைத் தவிர வேறு எதற்கு ஆகும்? பக்கத்து வீட்டுப் பாட்டி, குருவி கூடு கட்ட எடுத்துக்கொள்ளட்டும், மரத்தில் தொங்கவிடு என்கிறார். செய்யலாமா? வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க் குடும்பம், நல்ல மனிதர்கள். அவர்கள் வாசலுக்கு ஒரு முடிகூடப் பறக்கக் கூடாது என்ற கவலையும் இருக்கிறது.

டவுன்காரன்

குப்பையில் போடுங்க அக்கா, கதை முடிஞ்சது. இல்லாட்டி பின்னாடி வச்சு எரிச்சிடுங்க லா.

முன்னாள்கிராணி

எரிப்பது வேண்டாம் தம்பி. முடியில் கந்தகம் உண்டு, ஒரு பிடி கருகினாலே தெரு முழுக்க மூக்கைப் பிடிக்கும். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் திறந்தவெளியில் குப்பை எரிப்பது குற்றமும்கூட. அடுத்தவர் வாசல் பற்றிக் கவலைப்படுகிற அம்மாவுக்குப் புகை யோசனை சொல்கிறீர்களே.

வாழைக்கன்று (பீடோர்)

அக்கா, உங்கள் டிரம்மில் நடந்தது எல்லாருக்கும் நடப்பதுதான். முடி என்பது கெரட்டின் புரதம். அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, அதனால் சாதாரண நுண்ணுயிர்கள் லேசில் பிரித்துவிட முடியாது. சில பூஞ்சைகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் மட்டும் அந்தத் திறமை உண்டு. அவற்றுக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நீங்கள் பிடி பிடியாகக் கொட்டியதும் முடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உள்ளே தண்ணீரும் போகாமல் காற்றும் போகாமல் அடைத்துக்கொண்டது. முடியின் மேல் எண்ணெய்ப் பசை இருப்பதால் மழைத் தண்ணீரையும் தள்ளிவிடும். நடுவில் காய்ந்திருக்கிறது என்று எழுதினீர்களே, காரணம் அதுதான். வாடை முடியிலிருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை. பாளத்துக்கு அடியில் காற்றில்லாமல் மாட்டிக்கொண்ட காய்கறிக் கழிவு அழுகியிருக்கும்.

இனிமேல் போடும்போது முதலில் வாளித் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்துவிடுங்கள். நீள முடியைக் கத்தரியால் விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். கழிவின் மேல் உப்பு தூவுவது போல மெல்லிசாகத் தூவி, மேலே கொஞ்சம் பழைய மண், அதன் மேல் காய்ந்த இலை. அடுத்த கழிவு வந்த பிறகுதான் அடுத்த தூவல். பழம் உதிர்த்த செம்பனைக் குலை கிடைத்தால் பிய்த்துப் போடுங்கள், அந்த நார் நடுவில் காற்றுக்கு வழி விடும். அதில் தழைச்சத்து குறைவு, முடியில் ஏராளம், இரண்டும் சேர்ந்தால் நல்லது. இப்போது டிரம்மில் கிடக்கும் பாளத்தை வெளியே எடுத்துப் பிய்த்து, நனைத்து, இதே மாதிரி திருப்பிப் போடலாம். வீண் இல்லை.

முடியின் எடையில் ஏறக்குறைய 15 விழுக்காடு தழைச்சத்து. கோழிச் சாணத்தை விடப் பல மடங்கு. ஆனால் அவசரக்காரப் பயிருக்கு அது உதவாது. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் மனித முடியை லெட்டூஸ் போன்ற பயிர்களுக்குப் போட்டுப் பார்த்து 2008-இல் எழுதினார்கள். விளைச்சல் கூடியது, ஆனால் சத்து மெதுவாகத்தான் இறங்குகிறது, சீக்கிரம் வளரும் பயிருக்கு முடியை மட்டும் நம்ப முடியாது என்பதே முடிவு. நாய் முடியும் அதே கெரட்டின்தான். கீரைப் பாத்தியை விட்டுவிடுங்கள். வாழை, முருங்கை, கறிவேப்பிலை, தென்னை மாதிரி வருஷக்கணக்கில் நிற்கும் மரத்துக்குக் கொடுங்கள். நான் வாழைக்கன்று வைக்கும்போது குழியின் அடியில் முடியைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, ஒரு சாண் மண் போட்டுத்தான் கன்றை வைக்கிறேன். அது மக்கினால் என்ன, மக்காவிட்டால் என்ன, யார் கண்ணிலும் படாது.

டவுன்காரன்

எரிக்கிற யோசனையை வாபஸ் வாங்கிட்டேன் ஐயா.

உண்ணிவைத்தியம்

கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை. உரம், பொம்மை என்று போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை.

குருவிக்குத் தொங்கவிட வேண்டாம். நம் ஊரில் உண்ணி இல்லாத நாய் ஏது? பாதி நாய்களுக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து போட்டிருப்பார்கள். ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட் வகை மருந்துகள் முடியிலும் தோலின் எண்ணெயிலும் தங்கும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் முடி வைத்துக் கட்டிய பட்டாணிக்குருவிக் கூடுகளைச் சோதித்து 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். பார்த்த எல்லாக் கூட்டிலும் ஃபிப்ரோனில் இருந்தது. பூச்சிமருந்து அதிகம் இருந்த கூடுகளில் செத்த குஞ்சும் பொரிக்காத முட்டையும் அதிகம். மருந்தே போடாத நாயாக இருந்தாலும் நீள முடி குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அதே காரணத்துக்காக உரத்துக்குப் போகும் முடியிலும் கவனம் தேவை. நாயை விட வருபவரிடம், மருந்து எப்போது போட்டீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அண்மையில் போட்டிருந்தால் அந்த முடி குப்பைக்குத்தான். சொறி, படர்தாமரை இருக்கிற நாயின் முடியும் அப்படியே, இரண்டு பையில் கட்டிப் போடுங்கள். படர்தாமரையின் வித்து உதிர்ந்த முடியில் ஒரு வருஷத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும், மனிதர்களுக்கும் ஒட்டும். உண்ணி தெரிந்தால் முடியைச் சோப்புப் போட்ட வெந்நீரில் மூழ்க வைத்துவிட்டுத்தான் பையில் கட்ட வேண்டும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், சுவர் வெடிப்பில் ஏறிவிட்டால் பின்கட்டே போச்சு.

ஊசிநூல் (ஈப்போ)

ஐயோ, ஹஸ்கி முடியைப் போய்க் குழியில் போடுகிறீர்களா!

அக்கா, சீப்பில் வருகிற அடிமுடி (மேல்முடிக்குக் கீழே இருக்கும் மென்மையான முடி) வேறு, கத்தரியில் விழுகிற முடி வேறு. தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள். ஹஸ்கி, கோல்டன், சமோயட் நாய்களின் அடிமுடி கம்பளி மாதிரி நூற்கும் தரம். வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும், நூற்றால் தோலைக் குத்தும். நூற்பதற்கு 4, 5 சென்டிமீட்டர் நீளமாவது இருந்தால் நல்லது. குட்டையாக இருந்தால் ஆட்டுக் கம்பளியோடு கலக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் பிரிந்துவிடும். இது புதுசு இல்லை. கனடா, அமெரிக்க மேற்குக் கரையில் கோஸ்ட் சேலிஷ் பழங்குடியினர் போர்வை நெய்வதற்கென்றே ஒரு நாய் இனத்தை வளர்த்தார்கள். அந்த இனம் அழிந்துவிட்டது. மட்டன் என்று பெயரிட்ட ஒரு நாயின் தோல் மட்டும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1859-இல் செத்த நாய். அதன் மரபணு ஆய்வு 2023 கடைசியில் வெளிவந்தது.

நம் வெயிலுக்கு நாய்முடிச் சட்டை போட்டால் நாம்தான் வெந்துபோவோம். அதனால் நான் நூற்பதில்லை, ஊசி குத்திப் பொம்மை செய்கிறேன். முனையில் சின்னச் சின்ன வெட்டு உள்ள ஊசி, இணையத்தில் கிடைக்கும். முடியை உருட்டி வைத்துக் குத்திக்கொண்டே இருந்தால் இறுகிவிடும். உங்களுக்கு டிரம்மில் தொல்லை கொடுத்த அதே பின்னல்தான், இங்கே அது வரம். நாய் இறந்துபோன வீடுகளில் அதன் முடியிலேயே சின்ன உருவம் செய்து கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சீப்பும்கத்தரியும்

எல்லாருக்கும் நன்றி. பாட்டியிடம் சொன்னேன், குருவி செத்துப்போகும் என்றதும் உடனே ஒத்துக்கொண்டார். ஊசிநூல் தங்கச்சி, அடிமுடியைக் கழுவ வேண்டுமா? போன ஹஸ்கியின் முடி ஒரு பையில் இருக்கிறது, திறந்தால் நாய் வாடை.

ஊசிநூல் (ஈப்போ)

குளிப்பாட்டுவதற்கு முன் சீப்பு போட்டதுதானே? கழுவ வேண்டும். வலைப்பையில் போட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரில் அமுக்கி வையுங்கள். கசக்காதீர்கள், அலசும்போது குழாயை நேராக அதன் மேல் திறக்காதீர்கள், பாளமாகிவிடும். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு காகிதப் பையில் வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பிளாஸ்டிக்கில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும்.

லிந்தாங்ரோடு

எங்கள் மரவள்ளியைக் காட்டுப்பன்றி விடுவதில்லை. முடிவெட்டும் கடையில் முடி வாங்கி வந்து வரப்பில் தூவுவோம், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்கூடச் செய்கிறார்களாம். பன்றி மூக்கால் மண்ணைத் துழாவித்தானே தின்கிறது, முடி மூக்கில் ஏறினால் திரும்பிப் போய்விடும் என்பது கணக்கு. நாய் முடியென்றால் வாடையும் சேரும். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நல்ல மழை வரைக்கும்தான் பலன். அப்புறம் புதுசாகத் தூவ வேண்டும். பழகிப்போன பன்றி அதையும் மதிக்காது. வேலிக்குப் பதிலாக நம்ப முடியாது, வேலியோடு சேர்த்துப் போடலாம். உங்களிடம் வெட்டிய பூடல் முடி இருந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன், அழுக்கானாலும் பரவாயில்லை.

ஒர்க்‌ஷாப்பாஸ்

முடி எண்ணெயை நன்றாகப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் மொரீஷியஸ் கரையில் வக்காஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்தபோது, அங்குள்ள மக்கள் கரும்புச் சோகையை அடைத்துத் தடுப்பு செய்தார்கள், முடியை வெட்டியும் கொடுத்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் மேட்டர் ஆஃப் டிரஸ்ட் என்று ஓர் அமைப்பு மனித முடி, நாய் முடி இரண்டையும் வாங்கி எண்ணெய் உறிஞ்சும் பாய் செய்கிறது. நான் பழைய காலுறைக்குள் முடியை அடைத்து, என்ஜின் எண்ணெய் சொட்டும் இடத்தில் போட்டு வைக்கிறேன். மரத்தூளைப் போல எங்கும் சிதறாது. ஒன்று, எண்ணெய் குடித்த முடியை எக்காரணம் கொண்டும் உரத்தில் போடாதீர்கள். கழிவு எண்ணெய் எடுக்க வருபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

முன்னாள்கிராணி

வேலிக்கு அந்தப் பக்கம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி வழியில் நாய் கனத்த நஜிஸ் (அசுத்தம்). ஈரத்தோடு பட்டுவிட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். நம் ஊர் மழைக்கு எது ஈரம், எது காய்ந்தது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? காற்றில் பறந்து துவைத்துக் காயப்போட்ட துணியில் ஒட்டினால் அவர்களுக்கு எவ்வளவு சிரமம், யோசியுங்கள். சீப்பு போடும்போது வேலிப்பக்கக் கதவைச் சாத்திவிடுங்கள். தெளிப்பானால் முடியைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால் பறக்காது. மூடி இறுகிய டப்பாவில் சேருங்கள், குரங்குக்கும் அதுவே மருந்து. கூட்டிய தண்ணீர் லோங்காங்குக்குப் போகும் வாயில் வலை வையுங்கள், முடி அடைத்துத் தண்ணீர் தேங்கினால் அடுத்தது ஏடிஸ் கொசுதான்.

இன்னொன்று. முடி போட்டு வளர்த்த வாழைத்தாரை அவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். மறைத்துக் கொடுப்பதுதான் தப்பு.

சீப்பும்கத்தரியும்

ஐயா சொன்னது நல்ல யோசனை. நேராகவே போய்ப் பேசினேன். முடி பறந்து வந்ததில்லை, ஆனால் சாயங்காலத்தில் துணி காயப்போடுவதால் அந்த நேரத்தில் மட்டும் நாயை உலர்த்தும் இயந்திரத்தைப் போட வேண்டாம் என்று அந்த வீட்டு மக்சிக் (அம்மா) கேட்டுக்கொண்டார். காலையிலேயே முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

டிரம்மைக் காலி செய்து பாளத்தைப் பிய்த்து நனைத்தேன். கையெல்லாம் நாற்றம், வேலை பெண்டு நிமிர்த்திவிட்டது. மெல்லிசாகத் தூவி மண் போட்டு வந்ததில் வாடை போய்விட்டது. கிளறிப் பார்த்தால் முடி இன்னும் தெரிகிறது, ஆனால் இழுத்தால் பட்டென்று அறுகிறது, முன்பு மாதிரி வலுவில்லை. பூடல் முடி லிந்தாங்ரோடு அண்ணனுக்கு. மருந்து போட்ட நாயின் முடி எல்லாம் குப்பைக்கு, சுவரில் ஓர் அட்டை தொங்கவிட்டு எழுதி வருகிறேன். உண்மையில் பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போகிறது, நான் நினைத்ததை விட அதிகம்.

ஊசிநூல் (ஈப்போ)

ஹஸ்கி அடிமுடி எனக்கா?

சீப்பும்கத்தரியும்

உனக்குத்தான். வெள்ளை, சாம்பல் இரண்டையும் தனித்தனியாகக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். கோல கங்சார் பக்கம் வரும்போது வந்து எடுத்துக்கொள், தபாலில் அனுப்பினால் பையை விடத் தபால் காசு அதிகம் ஆகும்.