பார்சிலோனா 2016: ராஸ்பெர்க் – ஹாமில்டன் மோதலில் பிழை யாருடையது?

பந்தயப்பித்தன்:
2016 மே 15 அன்று பார்சிலோனாவில் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயமான ஸ்பானிய கிராண்ட் பிரியின் முதல் சுற்றை நேற்றிரவு மறுபடியும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலிடத்திலிருந்து புறப்பட்ட லூயிஸ் ஹாமில்டனை, அவருடைய மெர்சிடிஸ் அணித்தோழர் நிகோ ராஸ்பெர்க் முதல் திருப்பத்திலேயே வெளிப்புறமாகச் சென்று முந்தினார். மூன்றாம் திருப்பத்தை விட்டு வெளிவரும்போது ராஸ்பெர்க்கின் கார் வேகம் பிடிக்காமல் தளர, வலப்பக்கம் தெரிந்த இடைவெளிக்குள் ஹாமில்டன் பாய்ந்தார். அதே பக்கமாக ராஸ்பெர்க்கும் நகர்ந்தார். புல்லில் ஏறிய ஹாமில்டனின் கார் கட்டுப்பாடு இழந்து சுழன்று ராஸ்பெர்க்கின் காரை இடிக்க, இரண்டும் நான்காம் திருப்பத்தின் சரளைக்குள் போய் நின்றன. நடுவர்கள் எவரையும் தண்டிக்கவில்லை. அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பிழை ராஸ்பெர்க்குடையது என்றே கருதுகிறேன். எஞ்சினைத் தவறான, சக்தி குறைந்த நிலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டவர் அவர். அதனால்தான் பின்னால் வந்த ஹாமில்டன் அவரைவிட மணிக்கு 17 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் நெருங்கினார். தன் தவறால் மெதுவாகிப்போன ஒருவர், வேகமாக வருபவரின் குறுக்கே காரைத் திருப்புவது எப்படி நியாயமாகும்?

கடைசிச்சுற்று:
உங்கள் ஆதங்கம் புரிகிறது, நண்பரே, ஆனால் முடிவோடு உடன்பட இயலவில்லை. எஞ்சின் நிலையைத் தவறாக வைத்தது ராஸ்பெர்க்கின் கவனக்குறைவு என்பதை மறுப்பதற்கில்லை. அதற்காக, முன்னால் செல்பவருக்கு அன்றைய விதி தந்த தற்காப்பு உரிமை பறிபோய்விடுமா? தன் இடத்தைக் காக்க அவர் ஒருமுறை திசை மாறலாம்; பின்னால் வருபவரின் காரில் குறிப்பிடத்தக்க பகுதி பக்கவாட்டில் வந்துவிட்டால் மட்டுமே இடம் விட்டாக வேண்டும். ராஸ்பெர்க் ஒரே முறைதான் நகர்ந்தார், அதையும் தொடக்கத்திலேயே செய்தார். இன்னும் 65 சுற்றுகள் மீதமிருந்த பந்தயத்தில் ஹாமில்டன் கால் நொடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருந்தால் இருவரும் தப்பியிருப்பார்கள். மும்முறை உலக சாம்பியனும் அப்போது அந்த அணியின் தலைவர்களில் ஒருவருமான நிகி லௌடா, அன்றே ஹாமில்டனைத்தான் குறை கூறினார். அணியின் நிர்வாகத் தலைவர் டோட்டோ வோல்ஃப் எவரையும் சுட்டவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

பந்தயப்பித்தன்:
விதியை எடுத்துக்காட்டியதற்கு நன்றி. அந்த விதியே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. பின்னவரின் ஃபிரண்ட் விங்கில் (கார் மூக்கிலுள்ள அகன்ற தகடு) ஏதேனும் ஒரு பகுதி முன்னவரின் பின்சக்கரத்துக்கு இணையாக வந்தாலே அது 'குறிப்பிடத்தக்க பகுதி'தான். ஹாமில்டனின் விங் அந்த இடத்துக்கு வந்திருந்தது என்று நடுவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ராஸ்பெர்க் காரின் பின்புறச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்ததையும் பாருங்கள். எஞ்சினுக்குத் துணையாக இயங்கும் மின்மோட்டாரின் உதவி குறைந்துவிட்டது என்று பின்னால் வருபவருக்குச் சொல்லும் அடையாளம் அது. அதைக் கண்ட பிறகும் ஹாமில்டன் முந்த முயலாமல் இருந்திருந்தால், அவரைப் பந்தய ஓட்டுநர் என்றே சொல்லியிருக்க மாட்டோம்.

சரளைமேடு:
இருவரும் ஓட்டுநர்களையே பிடித்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? 2010இல் இஸ்தான்புல்லில் ரெட் புல் அணித்தோழர்கள் மோதியதை நினைத்துப் பாருங்கள். முன்னால் சென்ற மார்க் வெப்பரை எரிபொருளைச் சேமிக்கும் நிலைக்கு மாற்றியிருந்தது அணி. பின்னால் வந்த செபாஸ்டியன் வெட்டலுக்கோ அந்தச் சுற்றில் கூடுதல் சக்தி இருந்தது. வெட்டல் இடப்பக்கமாக நுழைந்து, முழுமையாக முந்தும் முன்பே வலப்பக்கம் சாய்ந்தார். அவருடைய பந்தயம் அங்கேயே முடிந்தது, வெப்பர் மூன்றாமிடத்துக்கு இறங்கினார், முதல் இரண்டு இடங்களையும் மெக்லாரன் அள்ளிக்கொண்டு போனது. ஒரே அணியின் இரு கார்களுக்கு இடையே இப்படியொரு சக்தி வேறுபாட்டை உண்டாக்கிவிட்டு, 'பார்த்து ஓட்டுங்கள்' என்று சொல்வது பொறுப்பான நிர்வாகம் ஆகாது. மெர்சிடிஸுக்கும் எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை. 2014இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ராஸ்பெர்க்கின் ஃபிரண்ட் விங் ஹாமில்டனின் பின் டயரைக் கிழித்ததே!

கடைசிச்சுற்று:
அந்தப் பழமொழி இங்கே பொருந்தாது, நண்பரே. அம்புக்குக் கண் இல்லை. ஓட்டுநருக்குக் கண்களும் உண்டு, இரு பக்கமும் கண்ணாடிகளும் உண்டு. இஸ்தான்புல்லில் சக்தி வேறுபாட்டை உண்டாக்கியது அணி என்பது சரியே. ஆனால் பார்சிலோனாவில் எஞ்சின் நிலையை மாற்றும் குமிழைச் சரியான நிலைக்குத் திருப்பாமல் விட்டது ராஸ்பெர்க்கின் கை.

பந்தயப்பித்தனுக்கு ஒரு வார்த்தை. விங் இணையாக வந்தது உண்மை. எப்போது வந்தது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. ஹாமில்டன் தடத்தை விட்டு விலக நேர்ந்ததற்கு ஒரு நொடியின் சிறு பகுதி முன்னரே வந்தது என்றுதான் நடுவர்கள் எழுதினார்கள். மணிக்கு 17 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஐந்து மீட்டருக்கும் சற்றுக் குறைவு, ஏறக்குறைய ஒரு காரின் நீளம். அரை நொடி முன்னால் ஹாமில்டன் இரண்டரை மீட்டர் பின்னால் இருந்தார். அந்தக் கணத்தில் ராஸ்பெர்க் நகரத் தொடங்கியிருந்தால், அவர் அடைத்தது காலியாக இருந்த வழியைத்தான். நான் ராஸ்பெர்க்கின் பக்தன் அல்லன். அதே ஆண்டு ஆஸ்திரியப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், வெளிப்புறத்தில் முன்னேறிவிட்ட ஹாமில்டனுக்கு இடம் விடாமல் நேராகவே ஓட்டியதற்காக அவருக்கு 10 நொடித் தண்டனை விதித்தார்களே, அது முழுக்க நியாயம். பிரேக் கோளாறு இருந்தது என்ற விளக்கத்தைக்கூட நான் ஏற்கவில்லை.

பந்தயப்பித்தன்:
உங்கள் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், தவறில்லை. நகரத் தொடங்கிய கணத்தில் வழி காலியாக இருந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகர்வு ஒரு கணத்தில் முடிவதல்ல. ஹாமில்டனின் விங் பின்சக்கரத்துக்கு இணையாக வந்த பிறகும் ராஸ்பெர்க் தடத்தின் வெள்ளைக்கோடு வரை வந்துகொண்டேதான் இருந்தார். ஒரு கார் அகலம் விட்டு அங்கேயே நின்றிருக்க அவருக்கு நேரம் இருந்ததா இல்லையா என்பதற்கு உங்களிடம் விடை உண்டா?

கடைசிச்சுற்று:
நேரம் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த நொடியில் அவர் ஸ்டீயரிங்கில் குமிழையும் திருப்பிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்க்க அவருக்கு எத்தனை கணம் மிஞ்சியிருக்கும் என்பதை உங்களைப் போலவே நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஹாமில்டன் காலை எடுத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் நான்கு பந்தயங்களையும் ராஸ்பெர்க் வென்று 43 புள்ளிகள் முன்னால் இருந்தார். அன்று ஹாமில்டனுக்கு இரண்டாமிடம் கிடைத்திருந்தாலும் 18 புள்ளிகள். ஆண்டின் முடிவில் அவர் பட்டத்தை இழந்தது 385க்கு 380 என்ற கணக்கில்.

சரளைமேடு:
ராஸ்பெர்க் வென்றிருந்தால் அவருக்கு 25 புள்ளிகள் சேர்ந்திருக்குமே, ஐயா. அப்போது இடைவெளி இன்னும் கூடியிருக்கும். இருவரும் விலகியது ஹாமில்டனுக்குத்தான் நன்மையாக முடிந்தது. இழந்தது மெர்சிடிஸ். அன்று வென்றது ரெட் புல்லுக்காக முதன்முறை களமிறங்கிய 18 வயது மாக்ஸ் வெர்ஸ்டாப்பன்.