முதல் நல்ல மணிக்கூடு: ஸ்பீட்மாஸ்டரா, பிளாக் பே 58 ஆ? நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு எது சரி?

கல்லடிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடம் படிக்கும்போது, 1969 இல் பஸ் ஓல்ட்ரின் சந்திரனில் இறங்கியபோது விண்வெளி உடைக்கு மேலே கட்டியிருந்தது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என்று ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். ஆம்ஸ்ட்ரோங் தன்னுடையதைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டுத்தான் இறங்கினாராம். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. பதினொரு வருசமாகச் சேர்த்த காசு இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது, வீட்டிலும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

இத்தனை நாளும் கட்டுவது அப்பா சவூதியில் இருந்து கொண்டுவந்த சீக்கோ 5 மணிக்கூடு. கிழமை காட்டுகிற சின்னப் பெட்டியில் இன்னும் அரபு எழுத்துத்தான் வருகிறது. ஆங்கிலத்துக்கு மாற்றலாம், அப்பா வைத்தபடியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

தினமும் பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வியர்வை, உப்புக்காற்று, மாதத்தில் இரண்டு தரம் பிள்ளைகளோடு பாசிக்குடாக் கடலில் குளியல். இதையெல்லாம் ஸ்பீட்மாஸ்டர் தாங்குமா, இல்லை டியூடர் பிளாக் பே 58 வாங்குவதுதான் புத்தியா? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

காத்தான்குடி காக்கா:
தம்பி, நான் நாலு வருசமாக ஸ்பீட்மாஸ்டர் கட்டுகிறேன். வியர்வைக்கும் மழைக்கும் பயமில்லை, கடலுக்கு மட்டும் கொண்டு போகாதீர்கள். 50 மீற்றர் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருக்கும், ஆனால் சாவி (பக்கத்தில் உள்ள திருகு) முறுக்கி மூடுகிற வகை இல்லை, பக்கத்தில் இரண்டு பொத்தானும் இருக்கிறது. தண்ணீருக்குள் தெரியாமல் ஒரு பொத்தான் அமுங்கினால் போதும்.

மற்றபடி இதைப்போல ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. சுபஹு தொழுதுவிட்டு வந்து சாவி கொடுப்பேன், விரலுக்குள் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றுவிடும், அத்தோடு 50 மணித்தியாலம் ஓடும். 2021 இல் இருந்து வழமையான ஸ்பீட்மாஸ்டரில் வருகிற 3861 இயந்திரம் காந்தத்தையும் நன்றாகத் தாங்கும், போன் பக்கத்தில் வைத்தால் முந்துமோ என்ற கவலை இல்லை. ஹெசலைட் (ஒருவகைப் பிளாஸ்டிக்) கண்ணாடி உள்ளதையே எடுங்கள். கீறல் விழும், உண்மைதான், ஆனால் பொலிஷ் பசை தடவி ஐந்து நிமிடம் தேய்த்தால் போய்விடும்.

வயல்வெளி:
நான் அம்பாறைப் பக்கம் விவசாய வேலை, அரைவாசி நாள் வரப்பில்தான். என்னிடம் இருப்பது பிளாக் பே 58. சேறு பட்டால் குழாயில் பிடித்துக் கழுவுவேன், அவ்வளவுதான். 200 மீற்றர் தாங்கும், அகலம் 39 மில்லிமீற்றர், என் மெல்லிய கையிலும் அளவாக உட்காருகிறது. வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும், 70 மணித்தியாலம் தாங்கும்.

ஆனால் சாவியைக் கடைசிவரை முறுக்கி மூட வேண்டும் தம்பி. இதற்கு முதல் வைத்திருந்த மணிக்கூட்டில் நேரம் சரிபார்த்துவிட்டு முறுக்க மறந்து அப்படியே கடலில் இறங்கினேன். கரைக்கு வந்து பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி பிடித்திருந்தது. ஒரு கிழமைக்குள் முள்ளெல்லாம் துருப்பிடித்து, திருத்தக் கொடுத்தும் பழைய மாதிரி வரவில்லை. இப்போதும் நினைத்தால் மனம் சுடும். எது வாங்கினாலும் கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வருசத்துக்கு ஒருக்கால் தண்ணீர் புகாத சோதனையும் செய்யுங்கள். தோல் வார் வேண்டாம், மாரி மழைக்கு இரண்டு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும்.

சாய்ந்தமருதான்:
வாங்கும் இடம் பற்றி ஒன்று. விலை குறைகிறதே என்று வெளிநாட்டில் ஒரு கடையில் எடுத்தேன், உத்தரவாத அட்டையில் திகதியே போட்டுத் தரவில்லை, பிறகு சர்வீசுக்குக் கொடுக்கும்போது நான் பட்ட பாடு பெரும்பாடு. ஒமேகாவும் சரி டியூடரும் சரி 5 வருச உத்தரவாதம் தருகிறார்கள். அதை விட்டுவிடாதீர்கள், அங்கீகாரம் பெற்ற கடையிலேயே எடுங்கள், திகதியைக் கண் முன்னால் எழுத வையுங்கள்.

கல்லடிக்காரன்:
காக்கா, வயல்வெளி அக்கா, எல்லாருக்கும் நன்றி. இரவு முழுக்க யோசித்தேன். பிளாக் பே நல்லதுதான், ஆனால் அதைக் கட்டிக்கொண்டு ஸ்பீட்மாஸ்டர் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று மனைவி சொன்னாள். உண்மைதான். பாசிக்குடாவுக்கு அப்பாவின் சீக்கோவையும் கொண்டு போவதில்லை, வெறுங்கையோடுதான் இறங்குகிறேன், இனியும் அப்படியே இறங்கலாம்.

வெள்ளி இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறேன். காக்கா, ஹெசலைட்டுக்கு எந்தப் பசை பாவிக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், வரும்போதே வாங்கி வருகிறேன்.