புதுப்பிப்பு: பைக்குள் சூடாகிய லப்டொப்

திருகோணமலையில் இருந்து மூதூருக்கு பஸ்ஸில் போய் இறங்கினால் பைக்குள் லப்டொப் கொதிக்கிறது, பற்றரியும் பாதி போய்விடுகிறது என்று போன கிழமை கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

மூடியை மூடினால் அது அணைவதில்லை, 'ஸ்லீப்' நிலைக்குத்தான் போகிறது. புதிய விண்டோஸ் லப்டொப்கள் பலவற்றில் அந்தத் தூக்கத்திலும் சில வேலைகள் பின்னால் ஓடும். பைக்குள் காற்றும் இல்லை, சூடு எங்கே போகும்?

கன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்வது என்ற இடத்தில், பற்றரியில் இருக்கும்போது 'ஹைபர்நேட்' என்று மாற்றினேன். திறந்திருந்த வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைகிறது. எனக்கு முதலில் அந்தத் தெரிவே வரவில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினாக (நிர்வாகி உரிமையுடன்) திறந்து 'பவர்சிஎஃப்ஜி' (powercfg) கட்டளையால் ஹைபர்நேட்டை இயக்கிய பிறகுதான் வந்தது.

அப்புறம் பவர் பட்டன். மகள் அடிக்கடி அமத்திவிடுகிறாள், அதனால் 'ஒன்றும் செய்யாதே' என்று வைத்தேன். பயப்பட வேண்டாம், கணினி இறுகிப்போனால் பட்டனைச் சில விநாடிகள் அமத்திப் பிடிக்க அணைந்துவிடும்.

நேற்றும் மூதூர் போனேன். பை குளிர்ந்தே இருந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.